படிப்பை மாற்றலாம், விசா தாங்குமா? தென்னாப்பிரிக்காவில் படிக்கும் மாணவர்களுக்கு நான்கு வழிகள்

ஜூன் தேர்வு முடிந்து மதிப்பெண் வெளியாகும் வாரத்தில், டர்பன் தமிழ் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வரும். “அண்ணா, கம்ப்யூட்டர் சயின்ஸ் எனக்கு ஒத்துவரலை. காமர்ஸுக்கு மாறிடலாம்னு இருக்கேன். விசாவுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?” கேட்பவர் மதுரைக்காரராக இருக்கலாம், யாழ்ப்பாணத்துக்காரராக இருக்கலாம். படிப்பது டர்பனின் வெஸ்ட்வில் வளாகத்திலோ, டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான டியூடியிலோ, கேப் டவுனிலோ இருக்கலாம். பதில் மட்டும் பெரும்பாலும் வேறு நாட்டிலிருந்து வருகிறது. முதல் ஆறு மாதத்துக்குள் கல்லூரி மாறக் கூடாது என்பார் மெல்போர்னில் இருக்கும் மாமா மகன். அது ஆஸ்திரேலியக் கணக்கு. புதிய இடத்திலிருந்து ஸ்பான்சர் எண் வாங்கியாயிற்றா என்பார் லண்டன் அக்கா. அது பிரிட்டன் முறை. இரண்டும் இங்கே செல்லாது.

இங்கே செல்லுபடியாவது 2002ஆம் ஆண்டின் 13ஆம் எண் குடிவரவுச் சட்டமும், அதற்கு 2014இல் வந்த விதிமுறைகளும்தான். படிப்பு மாறுவதை அவை தடுக்கவில்லை. ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தவறினால் நல்ல மாணவரும் மாட்டிக்கொள்வார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதில் பெரும்பகுதி அந்த வரிசையைப் பற்றியது.

## முதலில் பாஸ்போர்ட்டைத் திறங்கள்

விசா ஒட்டியில் பெயர், பாஸ்போர்ட் எண், முடியும் தேதி ஆகியவற்றுக்குக் கீழே நிபந்தனை வரி ஒன்று இருக்கும். பெரிய எழுத்தில், இன்ன நிறுவனத்தில் படிக்க என்று அச்சிட்டிருப்பார்கள். பல ஒட்டிகளில் பல்கலைக்கழகத்தின் பெயரோடு நின்றுவிடும். சிலவற்றில் படிப்பின் பெயரும் சேர்ந்து வரும். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் இரண்டு பேருக்குக்கூட இந்த வரி வேறுபடலாம். அதனால் “என் ஃப்ரெண்டு மாறினான், ஒண்ணும் ஆகலை” என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அவர் ஒட்டியில் இருந்த வரி வேறாக இருந்திருக்கலாம்.

இந்த ஒரு வரியையும் முடியும் தேதியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் பார்க்கும் அளவுகோல்கள் இவை.

நிபந்தனை வரி மாறுமா? மாறினால், விசா விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளும் விஎஃப்எஸ் மையம் வழியாக உள்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாறாவிட்டால் வேலை பல்கலைக்கழகத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

இடைவெளி விழுமா? பழைய இடத்தில் பதிவு நின்று, புதிய இடத்தில் இன்னும் தொடங்காத நாட்களைத்தான் இடைவெளி என்கிறேன். ஆபத்து முழுவதும் இங்கேதான்.

எத்தனை கிரெடிட் கூட வரும்? மூன்றாண்டுப் பட்டம் என்றால் 360 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது சுமார் 10 மணி நேரப் படிப்பு. கையில் இருக்கும் 120இல் 30 மட்டுமே ஏற்கப்பட்டால் நீங்கள் ஏறக்குறைய ஓர் ஆண்டைப் பின்னால் போகிறீர்கள். அந்த ஆண்டுக்கும் கட்டணம், வாடகை, மெடிக்கல் எய்ட் என்ற உள்ளூர் மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு.

மறைந்திருக்கும் செலவு என்ன? விண்ணப்பக் கட்டணத்தை எல்லோரும் கணக்கில் எடுக்கிறார்கள். கல்விக்கடன் வங்கியையும் வாடகை ஒப்பந்தத்தையும் பாதியில் விட்ட பாடங்களின் கட்டணத்தையும் யாரும் எடுப்பதில்லை.

முடித்த பிறகு என்ன? 2024 அக்டோபரிலிருந்து வேலை விசாவுக்குப் புள்ளி முறை வந்திருக்கிறது. தேவை 100 புள்ளி. அரசின் அவசியத் திறன் பட்டியலில் உள்ள தொழில் என்றால் 100ம் அப்படியே கிடைக்கும். மற்றவர்கள் படிப்பு, சம்பளம், அனுபவம், மொழி என்று கூட்டிச் சேர்க்க வேண்டும். இங்கே தங்கி வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், புதிய படிப்பு அந்தப் பட்டியலுக்கு அருகில் போகிறதா, விலகிப் போகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

## மாணவர்கள் விழும் இடம்

வழிகளுக்குப் போகும் முன் இரண்டு விதிகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சாதாரணமானவை.

ஒன்று: விசாவுக்காக உங்களுக்கு அனுமதிக் கடிதம் கொடுக்கும்போதே, நீங்கள் பதிவிலிருந்து விலகினால் 30 நாளுக்குள் உள்துறைக்குத் தெரிவிப்பதாகப் பல்கலைக்கழகம் எழுதிக் கொடுக்கிறது. உங்கள்மேல் கோபம் எதுவும் இல்லை. அது அவர்கள் கடமை.

இரண்டு: குடிவரவுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. விசா அனுமதிக்காத வெளிநாட்டவருக்கோ, விசாவில் உள்ள நிபந்தனைக்கு மாறான முறையிலோ தெரிந்தே பாடம் நடத்தக் கூடாது என்று அது கல்வி நிறுவனத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே புதிய பல்கலைக்கழகம் தன் பெயர் உங்கள் விசாவில் வரும்வரை உங்களைப் பதிவு செய்யத் தயங்கும். அனுமதிக் கடிதம் கொடுப்பார்கள். மாணவர் எண்கூடக் கொடுப்பார்கள். வகுப்பில் உட்காரவைக்க மாட்டார்கள்.

பழையது உங்களை விட்டுவிட்டது, புதியது இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை என்ற நிலையில், விசாவில் தேதி எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அதன் நோக்கம் போய்விட்டது. வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கும் உரிமையும் படிப்போடு ஒட்டியதுதான். “படிப்புதான் நின்னுச்சு, கடை வேலையை மட்டும் பார்த்துட்டு இருக்கேன்” என்பது வாதமாக நிற்காது.

## வழி 1: அதே பல்கலைக்கழகம், வேறு படிப்பு

நான்கில் இதுதான் சுலபம். ஆச்சரியம் என்னவென்றால் பலர் இதை ஆராயாமலேயே அடுத்த வழிக்குத் தாவிவிடுகிறார்கள்.

டர்பன் மாணவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1961இல் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று தனியாக வகுப்பு தொடங்கிய கல்லூரிதான் பிறகு டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆயிற்று. அது 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகமானது. நிறவெறிக் காலத்தில் பிரித்து வைத்ததை ஒன்றாக்கியதால், இன்று ஐந்து வளாகங்களுக்கு ஒரே பெயர். பொறியியலும் சட்டமும் ஹோவர்ட் காலேஜில், வணிகமும் மருந்தியலும் வெஸ்ட்வில்லில், ஆசிரியப் பயிற்சி எட்ஜ்வுட்டில், வேளாண்மை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். பஸ் மாறலாம், வீடு மாறலாம். விசாவில் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் அந்த வரி மாற வேண்டியதில்லை. டியூடியும் அப்படித்தான், டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் அதற்கு வளாகங்கள் உண்டு.

செய்ய வேண்டியது இது. புதிய துறையில் இடம் இருக்கிறதா, பிளஸ் டூ கணித மதிப்பெண் அவர்கள் கேட்கும் அளவுக்கு வருகிறதா என்று அந்தத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். ஒப்புதல் எழுத்தில் வந்ததும் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போய், புதிய படிப்பின் பெயரும் முடியும் மாதமும் குறித்த கடிதம் வாங்குங்கள். ஒட்டியில் படிப்பின் பெயர் இருந்தால், நிபந்தனை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க அந்தக் கடிதம்தான் அடிப்படை. பெயர் இல்லாவிட்டாலும் வாங்கி வையுங்கள். அடுத்த புதுப்பித்தலில் “இவர் ஏன் இன்னும் இரண்டாம் ஆண்டில் இருக்கிறார்?” என்ற கேள்விக்கு அதுவே பதில்.

மறைந்திருக்கும் செலவு காலத்தில் இருக்கிறது. படிப்பு ஓராண்டு நீண்டால், பழைய படிப்புக்கு ஏற்ப வாங்கிய விசா முன்னாலேயே முடிந்துவிடும். முடியும் தேதிக்குக் குறைந்தது 60 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். அப்போது பணம் இருக்கிறது என்ற சான்று, மருத்துவ அறிக்கை, போலீஸ் கிளியரன்ஸ் எல்லாம் மறுபடியும் தேவைப்படும். அப்புறம், செமஸ்டர் நடுவில் பாடங்களை விட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள் ஒன்று இருக்கும். அந்த நாள் தாண்டினால் எழுதாத தேர்வுக்கும் முழுப் பணம் கட்டியதாக ஆகிவிடும்.

யாருக்கு ஏற்றது: முதல் ஆண்டில் இருப்பவர்களுக்கு, பல்கலைக்கழகத்தோடு பிணக்கு இல்லை, பாடத்தோடுதான் பிணக்கு என்பவர்களுக்கு.

## வழி 2: வேறு பல்கலைக்கழகம்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கேள்விகள் அதிகம் வருவதும் சிக்கல்கள் அதிகம் வருவதும் இங்கேதான்.

நிறுவனத்தின் பெயர் மாறுகிறது, எனவே நிபந்தனை மாற்ற விண்ணப்பம் கட்டாயம். மாணவர் விசாவில் இருப்பவர் இதை நாட்டுக்குள் இருந்தே செய்யலாம். விஎஃப்எஸ்ஸில் நேரம் பதிவு செய்து நேரில் போய், கைரேகை கொடுத்து, கோப்பைத் தர வேண்டும். கோப்பில் இருக்க வேண்டியவை: புதிய இடத்தின் அனுமதிக் கடிதமும் பதிவாளரின் உறுதிமொழியும், பணச் சான்று, மருத்துவ அறிக்கை, மெடிக்கல் எய்ட் சான்று, போலீஸ் கிளியரன்ஸ்.

கடைசி இரண்டில்தான் பலருக்கு நாள் போகிறது. 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடுகளிலிருந்து கிளியரன்ஸ் கேட்பார்கள். நீங்கள் இங்கே ஓராண்டைத் தாண்டியிருந்தால் தென்னாப்பிரிக்கப் போலீஸிடமிருந்தும் வேண்டும். கைரேகை உள்ளூர் ஸ்டேஷனில் கொடுக்கலாம். சான்று பிரிட்டோரியாவிலிருந்து வர வேண்டும். இந்தியச் சான்றை டர்பனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கேட்கலாம். மெடிக்கல் எய்ட் விஷயத்தில், 1998ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டச் சட்டத்தின்கீழ் பதிவான திட்டம்தான் ஏற்கப்படும். ஊரில் எடுத்த பயணக் காப்பீடு எவ்வளவு பெரிய தொகையாக இருந்தாலும் பயன்படாது. மாணவர்கள் பலர் மொமெண்டம் இங்வே போன்ற திட்டங்களில் ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டுகிறார்கள்.

இனி நாட்காட்டி. இங்கே கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. பெரும்பாலான பட்டப்படிப்புகளில் ஆண்டுக்கு ஒரே ஒரு சேர்க்கைதான். விண்ணப்பம் முந்தைய ஆண்டின் நடுப்பகுதியில் திறந்து செப்டம்பர் வாக்கில் பல இடங்களில் மூடிவிடும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம்வரை நாடே விடுமுறையில் இருக்கும். உள்துறையில் தேக்கம் எந்த அளவுக்குப் போகலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2024இல் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட விசா, நிரந்தர வசிப்பு விண்ணப்பங்கள் குவிந்து கிடந்து, தனிக் குழு போட்டுத் தீர்த்தார்கள். இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் ஜனவரியில் கோப்பைக் கொடுத்துவிட்டு பிப்ரவரி வகுப்புக்கு விசா எதிர்பார்ப்பது சூதாட்டம்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். பழைய இடத்தில் பதிவோடு இருங்கள். ஜூலை, ஆகஸ்டில் புதிய இடத்துக்கு விண்ணப்பியுங்கள். தற்காலிக அனுமதிக் கடிதம் வந்தாலும் போதும். விதிமுறை அதையும் ஏற்கிறது. கடிதம் வந்த அதே வாரத்தில் போலீஸ் கிளியரன்ஸுக்குப் போடுங்கள். அக்டோபரில் விஎஃப்எஸ்ஸில் கோப்பைக் கொடுத்துவிட்டு, நவம்பர் தேர்வைப் பழைய இடத்தில் எழுதுங்கள். பிடிக்காத பாடமாக இருந்தாலும் எழுதுங்கள். தேறிய பாடம்தான் கிரெடிட்டாகக் கூட வரும். புதிய விசா கைக்கு வந்த பிறகே பழைய இடத்தில் விலகல் கடிதம் கொடுங்கள். விஎஃப்எஸ் ரசீது விசா ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதை வைத்துக்கொண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போய்வரலாம் என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

கிரெடிட் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. பட்டத்தில் பாதியாவது தங்களிடம் படித்திருக்க வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. கடைசி ஆண்டுப் பாடங்கள் முழுவதும் தங்களிடமே என்பவர்களும் உண்டு. “பார்த்துச் செய்வோம்” என்ற வாய்மொழியை நம்பி மாறாதீர்கள். எந்தெந்தப் பாடத்துக்கு விலக்கு என்று பட்டியலாக மின்னஞ்சலில் வந்தால்தான் அது கணக்கு.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது பழைய பாக்கி. கட்டணம் நிலுவையில் இருந்தால் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது மதிப்பெண் பட்டியலை, நிறுத்திவைப்பது இங்கே வழக்கம். டிரான்ஸ்கிரிப்டும் நன்னடத்தைச் சான்றும் இல்லாமல் புதிய இடம் நகராது. அடுத்தது கல்விக்கடன். இந்திய வங்கியின் கடன் ஒப்புதல் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு என்று பெயர் சொல்லித்தான் வந்திருக்கும். மாறப்போவதை முன்பே சொல்லித் திருத்திய ஒப்புதல் வாங்காவிட்டால் அடுத்த தவணை வராது. அந்தத் தவணை வராவிட்டால் விசாவுக்குக் காட்டும் பணச் சான்றும் ஆட்டம் காணும். மூன்றாவது வீடு. டர்பனின் ரிசர்வாயர் ஹில்ஸில் அவுட்பில்டிங் (வீட்டை ஒட்டிய தனிக் கட்டடம்) எடுத்து ஓராண்டு ஒப்பந்தம் போட்டிருந்தால் வீட்டுக்கார ஆன்ட்டியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நம்மவர்தானே என்று கடைசி வாரத்தில் சொன்னால் டெபாசிட் போகும், உறவும் போகும்.

தனியார் கல்லூரிக்கு மாறுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது உயர்கல்வித் துறையில் பதிவானதா, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு உயர்கல்விக் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பதிவான நிறுவனங்களின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. நிறுவனம் பதிவாகியிருந்து படிப்பு அங்கீகாரம் பெறாமல் இருப்பதும் நடக்கும். “விசா நாங்க பார்த்துக்கிறோம்” என்று சொல்லும் இடத்தை நான் முதலில் சந்தேகப்படுவேன். தொலைக்கல்விக்கு மாறுவதிலும் இதே கவனம் தேவை. வீட்டிலிருந்தே படிக்கும் படிப்புக்கு இந்த நாட்டில் இருக்க வேண்டிய அவசியம் என்ன என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

யாருக்கு ஏற்றது: உங்கள் துறை தற்போதைய இடத்தில் இல்லவே இல்லை என்றால். விசாவில் இன்னும் ஓராண்டாவது மிச்சம் இருந்து, கட்டணப் பாக்கி இல்லாமல் இருந்தால். இந்த இரண்டும் இல்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## வழி 3: ஊருக்குத் திரும்பிப் புதிதாக விண்ணப்பிப்பது

தோல்வி மாதிரி தெரியும் வழி. சில நேரங்களில் இதுதான் சுத்தமான வழி.

விசா முடிய இரண்டு மாதம்கூட இல்லை, புதிய இடத்தின் கடிதம் இன்னும் வரவில்லை என்றால், இங்கேயே உட்கார்ந்து தேதியைத் தாண்டவிடுவதை விட ஊருக்குப் போவது எவ்வளவோ மேல். தேதி தாண்டியபின் வெளியேறினால் விமான நிலையத்திலேயே விரும்பத்தகாதவர் என்ற அறிவிப்புத் தாள் கைக்கு வரும். 30 நாள்வரை தாண்டியிருந்தால் 12 மாதத் தடை, அதற்கு மேல் என்றால் 5 ஆண்டு. 24 மாதத்துக்குள் இரண்டாம் முறை என்றால், குறைந்த நாள் தாண்டினாலும் 2 ஆண்டு. அந்தத் தடையை எதிர்த்து முறையிட 10 வேலை நாள்தான் அவகாசம்.

செலவு கூடுதல்தான். இந்தியாவிலிருந்து இங்கே நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா என்று சுற்றித்தான் வர வேண்டும். முதல் முறை சேர்த்த ஆவணங்கள் அத்தனையும் மறுபடி சேர்க்க வேண்டும். மருத்துவ அறிக்கையும் போலீஸ் சான்றும் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் செல்லாது. இந்தக் கூட்டலோடு அரை ஆண்டு முதல் ஓர் ஆண்டு இழப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறுக்குவழியைச் சிலர் யோசிக்கிறார்கள்: சுற்றுலா விசாவில் வந்து இங்கே மாணவர் விசாவாக மாற்றிக்கொள்வது. 2014 விதிமுறைகளுக்குப் பிறகு அந்தக் கதவு, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, மூடியிருக்கிறது. வந்து இறங்கிய பிறகு தெரிந்துகொள்ளும் விஷயமாக இது இருக்கக் கூடாது.

யாருக்கு ஏற்றது: நாள் போதாதவர்களுக்கு, நாட்டையே மாற்றலாமா என்று இன்னும் யோசிப்பவர்களுக்கு, வீட்டுச் சூழலோ உடல்நலமோ சரியில்லாமல், படிப்பு மாற்றம் உண்மையில் இரண்டாவது பிரச்சினையாக இருப்பவர்களுக்கு.

## வழி 4: இருப்பதை முடித்துவிட்டு, அடுத்த படியில் மாறுவது

இரண்டாம் ஆண்டை முடித்தவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படித்தால் தவறில்லை. நம் வீடுகளில் “பிடிக்கலைன்னா விட்டுடு” என்றோ “எடுத்ததை முடி” என்றோ இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். இங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் பட்டம் 7ஆம் நிலைத் தகுதி. ஹானர்ஸ் 8ஆம் நிலை, ஓராண்டு, 120 கிரெடிட். ஹானர்ஸுக்கு அதே பாடத்தில் பட்டம் கேட்பார்கள். ஆனால் அதே 8ஆம் நிலையில் முதுநிலை டிப்ளமோ என்று ஒன்று உண்டு. அதுவும் 120 கிரெடிட்தான். வேறு துறையில் பட்டம் பெற்றவர்களைச் சேர்த்துக்கொள்வதற்கென்றே வடிவமைத்த டிப்ளமோக்கள் மேலாண்மை, கணக்கியல் சார்ந்த சில துறைகளில் இருக்கின்றன. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு முடித்தவர், காமர்ஸுக்கு இப்போது தாவினால் இன்னும் மூன்றாண்டு ஆகலாம். பட்டத்தை முடித்து முதுநிலை டிப்ளமோ போனால் இரண்டே ஆண்டு. கையில் இரண்டு தகுதி. இந்தக் கணக்கை மாணவரும் போடுவதில்லை, வீட்டிலும் போடுவதில்லை.

விசா கோணத்தில், இங்கே பாதியில் விலகல் என்பதே கிடையாது. பழைய பதிவு படிப்பு முடிந்து இயல்பாக முடிகிறது. புதிய படிப்புக்குப் புதிய விண்ணப்பம் போட வேண்டும் என்பது உண்மை. ஆனால் முடித்த பட்டத்தைக் காட்டிக் கேட்கும் விண்ணப்பத்தில் விளக்கக் கடிதமே தேவைப்படாது.

சறுக்கல் டிசம்பரில் காத்திருக்கிறது. நவம்பரில் தேர்வு, டிசம்பரில் முடிவு, ஜனவரியில் இறுதி அனுமதி. பல விசாக்கள் அந்த இடைப்பட்ட வாரங்களில்தான் முடிகின்றன. 60 நாள் முன்பு என்று பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் வந்துவிடும். இறுதி முடிவுக்குக் காத்திராமல், தற்காலிக அனுமதிக் கடிதத்தைச் செப்டம்பரிலேயே கேட்டு வாங்குவதற்கு இதுதான் காரணம்.

வேலைப் புள்ளி விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். 7ஆம், 8ஆம் நிலைகள் இரண்டுக்கும் ஒரே 30 புள்ளிதான். 50 புள்ளி வேண்டுமென்றால் 9ஆம் நிலை, அதாவது முதுகலை. புள்ளிக்காக மட்டும் 8ஆம் நிலை படிப்பது பயன் தராது. துறை மாறுவதற்காக என்றால் பயன் உண்டு.

யாருக்கு ஏற்றது: பட்டத்தில் பாதியைத் தாண்டி, பாடங்களில் தேறிக்கொண்டும் இருப்பவர்களுக்கு. ஒவ்வொரு செமஸ்டரிலும் பாதிப் பாடம் போகிறது என்றால் இந்த அறிவுரை உங்களுக்கு இல்லை. வழி 1க்கே திரும்புங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வழி 1: அதே இடம் | வழி 2: வேறு இடம் | வழி 3: ஊருக்குப் போய் | வழி 4: முடித்துவிட்டு |
|---|---|---|---|---|
| நிபந்தனை மாற்றம் | ஒட்டியில் படிப்பின் பெயர் இருந்தால் மட்டும் | கட்டாயம் | புதிய விசா | புதிய படிப்புக்கு விண்ணப்பம் |
| இடைவெளி ஆபத்து | குறைவு | மிக அதிகம் | நாட்டில் இல்லாததால் இல்லை | டிசம்பரில் மட்டும் |
| கிரெடிட் இழப்பு | ஓரளவு | அதிகம் | புதிய இடத்தைப் பொறுத்தது | இல்லை |
| மறைந்த செலவு | நீளும் ஆண்டு, விட்ட பாடக் கட்டணம் | பாக்கி, கடன் ஒப்புதல், வாடகை | பயணம், இழந்த ஆண்டு | பிடிக்காத பாடத்தில் மிச்சக் காலம் |
| எப்போது தொடங்குவது | செமஸ்டர் தொடக்கம் | ஜூலை, ஆகஸ்ட் | விசா முடியும் முன் | செப்டம்பர் |

ஒரு செமஸ்டர் விடுப்பு எடுத்து யோசிக்கலாமா என்பவர்களுக்கு: உள்ளூர் மாணவருக்கு அது ஓய்வு, உங்களுக்கு அது பதிவில்லாத காலம். சர்வதேச மாணவர் அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ பதில் இல்லாமல் எடுக்காதீர்கள்.

## பொது விதிக்கு வெளியே இரண்டு பேர்

மொரீஷியஸிலிருந்து வந்து படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு விசா விதிகளில் சலுகை எதிர்பார்க்க வேண்டாம், கட்டணத்தில் உண்டு. ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகள் சேர்ந்த வளர்ச்சிச் சமூகத்தின் (SADC) 1997ஆம் ஆண்டுக் கல்வி ஒப்பந்தப்படி, உறுப்பு நாட்டு மாணவரை உள்ளூர் மாணவராகக் கருதிக் கட்டணம் வாங்க வேண்டும். மொரீஷியஸ் அதில் உறுப்பு நாடு. இந்தியாவும் இலங்கையும் இல்லை. எனவே ஓராண்டு நீண்டால் ஆகும் செலவு, ஒரே வகுப்பில் இருக்கும் போர்ட் லூயிஸ் மாணவருக்கும் திருநெல்வேலி மாணவருக்கும் வெகுவாக வேறுபடும். நண்பர் மாறினார் என்பதற்காக நீங்களும் மாறாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

மருத்துவம் படித்து இந்தியாவில் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு வழி 2 கிட்டத்தட்ட அடைபட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 நவம்பர் விதிகள், குறைந்தது 54 மாதப் படிப்பையும் அதன் பின் 12 மாதப் பயிற்சியையும் ஒரே வெளிநாட்டு நிறுவனத்தில் முடிக்கச் சொல்கின்றன. நடுவில் கல்லூரி மாறினால் தென்னாப்பிரிக்க விசா கிடைத்தாலும் இந்தியப் பதிவு சிக்கலாகும்.

## ஏற்கெனவே விலகிவிட்டவர்களுக்கு

வரிசை தெரியாமல் முதலில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், எத்தனை நாள் ஆயிற்று என்று முதலில் பாருங்கள். ஒரு வாரம், இரண்டு வாரம்தான் என்றால் பதிவை மீட்டுத் தர முடியுமா என்று பழைய இடத்தில் கேளுங்கள். பல்கலைக்கழகம் உள்துறைக்குச் சொல்ல எடுத்துக்கொள்ளும் 30 நாள் இங்கே உங்களுக்குச் சாதகம். அது முடியாது, விசாவில் மட்டும் தேதி இருக்கிறது என்றால், புதிய இடத்தின் கடிதத்தோடு உடனே நிபந்தனை மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். நடந்ததை மறைக்காமல் ஒரு பக்க விளக்கம் வையுங்கள். விண்ணப்பத்தில் பொய் சொன்னது தெரிந்தால் படிப்பு மாற்றத்தை விடப் பெரிய பிரச்சினை அது.

தேதியும் தாண்டிவிட்டது என்றால், சட்டத்தின் 32ஆம் பிரிவின்கீழ், விண்ணப்பம் முடிவாகும்வரை நாட்டில் இருக்க அனுமதி கேட்கலாம். அந்த அனுமதி படிவம் 20 என்ற பெயரில் வரும். நேரத்துக்கு விண்ணப்பிக்க முடியாமல் போனது உங்கள் கைமீறிய காரணத்தால் என்று ஆதாரத்தோடு எழுத்தில் காட்ட வேண்டும்: மருத்துவமனையில் இருந்த கடிதம், பல்கலைக்கழகம் தாமதித்ததைக் காட்டும் மின்னஞ்சல் இப்படி. மறந்துவிட்டேன் என்பது காரணமாக ஏற்கப்படாது. இந்தக் கட்டத்துக்கு வந்தவர்கள் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் நேரில் போக வேண்டும். போகும்போது பாஸ்போர்ட், பழைய அனுமதிக் கடிதம், விலகல் கடிதத்தின் தேதியிட்ட நகல், பல்கலைக்கழகத்தோடு நடந்த மின்னஞ்சல்கள் அத்தனையும் அச்செடுத்து எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்பது அந்தத் தேதிகளைத்தான்.